கம்பெனி பஸ் வருமுன்



லெந்து காலம் தொடங்குமுன் நடத்தி முடித்துவிட வேண்டும் என்று நம் ஊர்க் கோயில்களில் கல்யாணங்கள் வரிசைகட்டி நிற்கும் நேரம் இது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். நிச்சயத்துக்கு ஒரு ஜெபம், தாலியை ஆசீர்வதிக்க ஒரு ஜெபம், பீடத்தின் முன் முழங்காலில் நிற்கிற பிள்ளைகள் தலையில் கைவைத்து ஒரு ஜெபம், வரவேற்பு மேடையில் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து நீளமாக ஒரு ஜெபம், பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படும்போது வாசலில் இன்னொரு ஜெபம். இத்தனை பேர் ஜெபித்து அனுப்பிய அந்த இருவரும் அதற்குப் பிறகு தாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து ஜெபிக்கிறார்களா? சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் எனக்குப் பழக்கமான வீடுகளில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "குடும்ப ஜெபம் உண்டுங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது.

குடும்ப ஜெபத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வசனம் வாசித்து, கடைசியில் அப்பா ஜெபித்து முடிக்கும் அந்தப் பழக்கம்தான் நம்மில் பலரை விசுவாசத்தில் வளர்த்தது. கத்தோலிக்க வீடுகளில் அதே நேரத்தில் ஜெபமாலை. ஆனால் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், மாமியார் இருக்கிறார், சில நாள் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்திருப்பார். அவர்கள் காதில் விழக்கூடியதைத்தான் அங்கே சொல்ல முடியும். குழுக் கடனில் இரண்டு தவணை தள்ளிப்போனதையும், டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனையை எடுக்காமலே சீட்டை மடித்து வைத்திருப்பதையும், மூத்த பையனை நினைத்து உள்ளுக்குள் அரிக்கிற கவலையையும் அங்கே திறக்க முடியாது. சாத்தூர்ப் பக்கம் ஒரு அக்கா சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் நாட்டு அதிபதிகளுக்கெல்லாம் ஜெபிப்பாருங்கய்யா. அவர் மனசுல என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நம் மாவட்டத்தில் இந்த மௌனத்துக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. நாட்டில் வெடிக்கிற பட்டாசில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்துதான் போகிறது. விடிந்ததும் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ்கள் வந்து ஆணையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. புறப்படுகிற நேரத்தில் விபத்துப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். யாராவது வாய்தவறி எடுத்துவிட்டால், "காலங்காத்தால நல்ல வார்த்தை பேசு" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால் எல்லார் மனதிலும் தேதிகள் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 30-க்கும் மேற்பட்ட உயிர்கள், காப்பாற்ற ஓடிப்போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல், ஒரே ஆலையில் வேலை பார்த்த கணவனும் மனைவியும் அதில் இருந்தார்கள். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. தூரத்தில் சத்தம் கேட்டால் எந்தத் திசை என்று முதலில் பார்ப்போம், உடனே போனை எடுப்போம். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது சரியான விதிதான், உயிரைக் காக்கிற விதி. ஆனால் சத்தம் கேட்ட நாளில், எத்தனை முறை அழைத்தாலும் எடுக்க ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சில நிமிடங்களை அனுபவித்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பலர்.

இப்படிப்பட்ட ஊரில் கணவன் மனைவியிடம் "எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்வது எளிதில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள், பிள்ளைகள் பயப்படும், மறுநாள் கூலி என்னாவது என்ற கேள்வி வரும். அவளும் அப்படித்தான் அவரிடம் சொல்லாமல் விழுங்குகிறாள். சொல்லக் கூடாததைச் சொல்வதற்கு அனுமதி இருக்கிற இடமாக அவர்களுக்கு மிஞ்சியிருப்பது ஜெபம். அதில் பேசுவது ஆண்டவரிடம். கூட இருக்கிறவர் காதில் விழுகிறது. இந்த மாதம் நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு தம்பதியைத் தெரியும். இருவருக்கும் பட்டாசு வேலை, வேறு வேறு ஆலை. பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்வாசல் படியில் இரண்டு தூக்குவாளியையும் வைத்துவிட்டு, நின்றபடியே மூன்று நான்கு நிமிடம் ஜெபிப்பார்கள். முதலில் பரமண்டல ஜெபம், பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம். அவ்வளவுதான் அவர்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஒரு நாள் அவர் தன் வாக்கியமாக, "ஆண்டவரே, அந்த ரூமுக்குள்ள போறதுக்கே கை நடுங்குது" என்றிருக்கிறார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்த அம்மா அதை அன்றுதான் கேட்டார். பஸ் வந்துவிட்டது, இருவரும் போய்விட்டார்கள். சாயங்காலம், விரல் இடுக்கில் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடரை அவர் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா பக்கத்தில் போய் நின்று கேட்டாராம்: "காலையில சொன்னீங்களே, என்ன விஷயம்?"

விஷயம் வெளியே வந்தது. நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாத அறையில் ஏழு பேரை உட்கார வைத்திருந்தார்கள். பீஸ் ரேட் வேலை, தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது. கோடை வெயிலில் தகரக் கூரை கொதிக்கிற நேரத்திலும் மருந்து செலுத்துகிறார்கள். அவர் போர்மேனிடம் சொல்லத் தயங்கிக்கொண்டே நாளைத் தள்ளியிருக்கிறார். இரண்டு பேரும் அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அடுத்த வாரம் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு, வேறொரு இடத்தில் காகிதக் குழாய் உருட்டப் போனார். அந்த அம்மா என்னிடம் சொன்னது: "கூலி குறைஞ்சுபோச்சுண்ணே. ஆனா ராத்திரி தூங்குறாரு."

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தோபித்து ஆகமம்தான் நினைவில் நிற்கிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள நூல் அது. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லாததால் நம் வாசகர்களில் பாதிப்பேர் படித்திருக்க மாட்டீர்கள், தேடிப் படியுங்கள். சாரா என்ற பெண்ணுக்கு ஏழு கணவர்கள், ஏழு பேரும் முதலிரவு அறையிலேயே இறந்துபோகிறார்கள். எட்டாவதாக அவளைக் கைப்பிடிக்கிறவன் தோபியா. பெண்ணின் தகப்பன் இந்த மாப்பிள்ளையும் விடியுமுன் இறந்துவிடுவான் என்று எண்ணி, இருட்டோடு இருட்டாகக் குழி வெட்டி வைக்கிறான். அந்த அறைக்குள் தோபியா என்ன செய்தான்? வழிகாட்டியாக வந்த தூதர் சொல்லியிருந்த காரியத்தை முதலில் செய்தான். ஏழு பேரையும் கொன்ற பேயை விரட்ட, மீனின் ஈரலையும் இதயத்தையும் தூபத்தணலில் இட்டான். அதன்பிறகு மனைவியை எழுந்திருக்கச் சொல்லி, இருவருமாக ஜெபித்தார்கள். இணைந்து முதுமையடைய வேண்டும் என்று கேட்டார்கள். இருவரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். விடியுமுன் தகப்பன் அந்தக் குழியை மூடச் சொன்னான்.

உயிருக்குப் பயந்த ஒரு அறையில் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்த ஜெபம் அது. அதற்கு முன் செய்யவேண்டிய காவலையும் அவர்கள் செய்தார்கள் என்பதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் "ஜெபம் பண்ணிட்டுத்தான் போறேன், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு ஐந்தாவது ஆளாகவும் ஆறாவது ஆளாகவும் அறைக்குள் போய் உட்காருகிற விசுவாசிகளை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் பட்டாசுக்குரிய கருந்திரி செய்துகொண்டே அதே அறையில் முழங்கால் போடுகிற குடும்பங்களும் நம் கிராமங்களில் இருக்கின்றன. அங்கேதான் பிள்ளைகள் படுத்துத் தூங்குகின்றன. வறுமை அவர்களை அங்கே தள்ளியிருக்கிறது, நான் அவர்களைத் தீர்ப்பிட வரவில்லை. ஆனால் கணவனும் மனைவியும் ஆண்டவர் முன் கைகோத்து நிற்கும்போது, அந்தத் திரிக்கட்டைப் பற்றி இருவரில் ஒருவராவது வாய் திறக்க வேண்டும். சபையும் அவர்களுக்கு வேறு வேலைக்கு வழி பார்க்கத் துணை நிற்க வேண்டும்.

வேதாகமத்தில் சேர்ந்து ஜெபிக்கத் தெரியாத நல்ல கணவர்களும் இருக்கிறார்கள். எல்க்கானா பிள்ளையில்லாத தன் மனைவி அன்னாளை உண்மையாகவே நேசித்தான், பந்தியில் அவளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வைத்தான். அவள் அழுதபோது, பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலில்லையா என்ற பொருளில் தேற்றினான். அவள் துக்கம் அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் தனியாக ஆலயத்துக்குப் போய் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்தாள், ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். ஆனால் மறுநாள் அதிகாலையில் அவர்கள் சேர்ந்து எழுந்து தொழுதுகொண்டு ஊர் திரும்பினார்கள் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. ஒரே வரி, பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற வரி. அவர்கள் மகன் சாமுவேல் பிறந்ததை அதற்குப் பிறகுதான் படிக்கிறோம். ஈசாக்கோ பிள்ளையில்லாத தன் மனைவி ரெபேக்காளுக்காக வேண்டினான். கல்யாணத்தின்போது அவனுக்கு நாற்பது வயது, பிள்ளைகள் பிறந்தபோது அறுபது. பிள்ளையில்லாத தம்பதிகள் நம் சபைகளில் எத்தனை பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்கள் இந்த இருபது வருடக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எப்படித் தொடங்குவது என்று சில இளந்தம்பதிகள் கேட்டார்கள். நீளம் வேண்டாம். மேடைத்தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற பேச்சே போதும். கூச்சமாக இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள், அதுவும் ஜெபம். பிரஸ்ஸில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற கணவரும், திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற கணவரும் போனிலேயே ஜெபிக்கலாம், பலர் ஜெபிக்கிறார்கள். கணவனோ மனைவியோ வேறு சமயத்தவராக இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். "உங்களுக்காக இன்னைக்கு என்ன கேட்கட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தட்டிவிடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "ஆண்டவரே, இவருக்கு நல்ல புத்தியைக் கொடும், இவள் வாயை அடக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருப்பவரைக் குத்துகிற ஜெபம் பல வீடுகளில் நடக்கிறது. அப்படி இரண்டு நாள் நடந்தால் மூன்றாம் நாள் அவர் எழுந்து போய்விடுவார், திரும்பவும் அந்த இடத்துக்கு அழைத்துவர வருடங்கள் ஆகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அடி வாங்குகிற மனைவியிடம், "கூட உட்கார்ந்து ஜெபம் பண்ணும்மா, மாறிடுவான்" என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் நம் சபைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். மனைவியைக் கனம்பண்ணாத கணவனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு தம் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எச்சரித்தது கணவன்மாரை. கை ஓங்குகிற இடத்தில் முதலில் வேண்டியது அவளுக்குப் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவளை அங்கே கூட்டிக்கொண்டு போகிற போதகரும் ஊழியம்தான் செய்கிறார்.

கடைசியாக நம் முன்னோரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகக் கூடாரமடித்து சுவிசேஷம் சொன்ன மிஷனரி ராக்லண்ட், 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில்தான் இறந்தார். அவர் மணமாகாதவர். அவரைப் பற்றியும் அவரோடு உழைத்த ஃபென், மெடோஸ் பற்றியும் மிஷன் வரலாறுகளில் படிக்க முடிகிறது. அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளைச் சபைப் பதிவேடுகளில் பார்க்கலாம்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். பதிவான அந்தத் திருமணங்களுக்குள் ராத்திரி விளக்கைத் தணித்த பிறகு என்ன ஜெபிக்கப்பட்டது என்பதை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. பஞ்ச காலத்திலும், தீப்பெட்டி ஆபீஸ் வந்த காலத்திலும், பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்ததை அடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த காலத்திலும், நம் பாட்டி தாத்தாக்களும் அப்பா அம்மாக்களும் எதைச் சொல்லி எதைக் கேட்டார்கள்? எனக்கு அது தெரிய வேண்டும் போலிருக்கிறது. நம் வட்டாரத்துச் சபைகளின் சரித்திரத்தில் பாதி அதற்குள் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும், அல்லது தாத்தாவும் பாட்டியும், தாங்கள் இருவராக ஜெபித்ததைப் பார்த்திருந்தால், கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருந்தால், எங்களுக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள், திருத்த மாட்டோம். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வரும் கடிதங்களுக்கு முதலிடம். எழுதப் பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வருகிறவற்றை உயிர்த்தெழுந்த திருநாள் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்