சீட்டு ஒட்டினால் பழுது நீங்குமா?

தானியங்கிக் கியர் உள்ள காரை நிறுத்தி, நெம்புகோலைப் 'பார்க்' நிலையில் வைத்தால், ஓர் எஃகுக் கொக்கி பற்சக்கரத்தில் விழுந்து காரை அசையாமல் பூட்டும். கொக்கி சரியாக விழாவிட்டால், ஓடும் இயந்திரத்தின் அதிர்வில் நெம்புகோல் நழுவி, ஆளில்லாக் கார் பின்னோக்கி ஓடலாம்.

அமெரிக்காவில் ஃபோர்டு கார்களில் இப்படி நேர்ந்து பலர் இறந்ததாகப் புகார்கள் எழுந்தன. ஆயினும் 1980-இல் அரசு செய்த உடன்பாட்டின்படி கார்கள் திரும்ப அழைக்கப்படவில்லை, சுமார் 2.3 கோடி உரிமையாளர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு அனுப்புவதே போதும் என்று முடிவாயிற்று.

இது முறையன்று. மனிதன் மறப்பான், சீட்டு கிழியும், கார் கைமாறும். பழுதோ அப்படியே இருக்கும். இயந்திரத்தின் குறையை இயந்திரத்தில்தான் திருத்த வேண்டும். மாணவர்களே, நாளை நீங்கள் பொறியாளராகும்போது, மறதியுள்ள மனிதனை நினைவில் வைத்தே கருவிகளை அமையுங்கள்!