சீறுவது யார்?

தீ பரவிற்று, ஊர் எரிந்தது, உயிர்கள் கருகின. உடனே கூறிவிடுகின்றனர், "இயற்கையின் சீற்றம்" என்று! ஆண்டவனின் கோபம் என்று சொல்ல நாணுகிற படித்தவரும், ஆண்டவனை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் இயற்கையை அமர்த்தி, கோபத்தை மட்டும் அப்படியே வைத்துக் கொண்டனர். பெயர் மாறிற்று, பேதைமை மாறிற்றா?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். விக்டோரியா மாநிலத்தில் 1939 சனவரி 13-இல் காடுகள் பற்றி எரிந்தன. அந்தக் கோடைத் தீயில் 71 பேர் மாண்டனர். வெள்ளிக்கிழமை, தேதியோ 13! 'கெட்ட நாள்' என்று கைவிரிக்க மேனாட்டு மூடநம்பிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் விசாரணை நடத்திய நீதிபதி ஸ்ட்ரெட்டன், நாளையும் கோளையும் பழிக்கவில்லை. தீயை மூட்டியது மனிதர் கையே என்று முடிவு கூறினார்.

பின்னர் காட்டியல் அறிஞர் மக்கார்தர், வெப்பம், காற்றின் ஈரம், காற்றின் விரைவு, வறட்சி ஆகிய நான்கையும் கணக்கிட்டு, தீ அபாயத்தை எண்ணால் உரைக்க வழி கண்டார். 1939-இன் அந்தக் கொடிய நாளையே 100 என்று கொண்டார். சோதிடமன்று, கணக்கு! சினத்தைக் கணக்கிட முடியுமா? காற்றைக் கணக்கிடலாம்.

2009 பிப்ரவரி 7. மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியசு. அபாய எண் 100-ஐயும் தாண்டிற்று. முதல் நாளே மாநில முதல்வர் எச்சரித்தார். எனினும் 173 பேர் மாண்டனர். ஏன்?

வடக்கிலிருந்து வீசிய அனற்காற்று, தீயை நீண்ட நாடாவாக இழுத்துச் சென்றது. மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வந்தது. குளிர்ந்தால் தணியும் என்றுதானே எண்ணுவோம்? தணியவில்லை! பக்கவாட்டில் காற்று மோதவே, நாடாவின் நெடும்பக்கம் முழுவதும் தீயின் முகப்பாயிற்று. மேரிஸ்வில் என்னும் சிற்றூர் அவ்வாறுதான் அழிந்தது. மேலெழுந்த புகை இடிமேகமாகி, மின்னலை வீசிப் புதுத் தீயையும் மூட்டிற்று. 2003-இல் கான்பெராவில் தீயே சூறாவளியாய்ச் சுழன்றதும் உண்டு. பேயாட்டமன்று அது, சூடேறிய காற்று விரைந்து மேலே செல்ல, சூழ்ந்திருந்த காற்று சுழன்று உள்ளே பாய்ந்ததன் விளைவு. விந்தைதான், ஆனால் விளங்காத விந்தையன்று.

காற்று திசை மாறும் என்பதும் முன்பே கணிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அது ஊரைச் சென்றடையவில்லை! எச்சரிக்கைகள் பல ஊர்களுக்கு உரிய காலத்தில், உரிய தெளிவுடன் கிட்டவில்லை என்று விசாரணை ஆணையம் கண்டது. 119 உயிர்களைக் குடித்த கில்மோர் கிழக்குத் தீ, அறுந்த மின்கம்பியால் மூண்டது என்றும் கண்டது. மின்கம்பியைக் கட்டியது இயற்கையா? செய்தியைத் தாமதித்தது காற்றா?

"ஒரு சொல்தானே, அதற்கு ஏன் இத்தனை ஆத்திரம்?" என்பர் சிலர். சீற்றம் என்று சொன்ன அந்த நொடியே விசாரணை முடிந்துவிடுகிறது, நண்பர்களே! சீறியவர் மீது வழக்குத் தொடர முடியாது. ஆகவே தவறியவரும் தப்பிவிடுகிறார். அந்த நாட்டில் விசாரித்தனர், அதனால்தான் திருத்தினர். 2022 செப்டம்பர் முதல் அங்கே தீ அபாயம் நான்கே படிகளில் அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் மக்கள் செய்ய வேண்டியது யாது என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது. உச்சப்படி அறிவிக்கப்பட்டால், உயிர் காக்க அபாயப் பகுதியை விட்டு அகல வேண்டும் என்பதே பொருள்.

இனி எங்கேனும் தீயில் ஊர் அழிந்ததென்று கேட்டால், யார் சீறினார் என்று கேளாதீர்! எச்சரிக்கை எப்போது பிறந்தது, யாரிடம் தங்கிற்று, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று கேளுங்கள். மாண்டோர்க்கு நாம் செலுத்தும் மரியாதை அக்கேள்வியே!