மாலைப் பணத்துக்கு வரி இல்லையா?

"சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிறார்களே, இனி இறைவரித் திணைக்களத்துக்கும் எமக்கும் என்ன பேச்சு?" என்று கேட்கும் கனவான்கள் சிலரை நாடறியும். பகலில் அரசாங்க வைத்தியசாலை, மாலையில் சொந்த டிஸ்பென்சரி. பகலில் பாடசாலை, மாலையில் மாணவர் நெருக்கியடிக்கும் தனியார் வகுப்பு. சம்பளத்துக்குப் பட்டியல் உண்டு. மாலைப் பணத்துக்கோ சட்டைப்பையே சாட்சி!

சம்பளத்தில் வெட்டியது சம்பளத்துக்குரிய வரி மட்டுமே. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா விலக்கு. அவ்விலக்கு ஆளுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்றன்று. சம்பளமே அதை விழுங்கிவிட்டால், மாலை வருமானத்தின் முதல் ரூபாவும் வரிக்குரியதே. மண்டப வாடகை முதலாய தொழிற் செலவுகளைக் கழித்து, மிஞ்சியதைச் சம்பளத்தோடு கூட்டி, வரியாண்டு மார்ச்சில் முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் விபரத்திரட்டிற் காட்டவேண்டும். செலவு கழிக்கும் இச்சலுகை வெறுஞ் சம்பளக்காரனுக்கு இல்லை என்பதையும் கனவான்கள் நினைப்பார்களாக.

2023 இல் விலக்கு 12 இலட்சமாகக் குறுகியபோது வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் கொதித்தெழுந்தனர். அக்கோபம் நியாயமானதே. ஆனால், ஒளித்த பணத்தால் விழும் பள்ளத்தை அரசாங்கம் எதைக்கொண்டு நிரப்புகிறது? 2024 ஜனவரியில் 18 வீதமாக ஏறிய பெறுமதி சேர் வரியைக்கொண்டு! சவர்க்காரக் கட்டி வாங்கும் தோட்டத் தொழிலாளியும் அதைக் கட்டுகிறான். அவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

திணைக்களத்தார் மாலை ஆறு மணிக்கு அந்த டிஸ்பென்சரி வாசலில் நின்று வரிசையை எண்ணட்டும்.