சொன்னால் நிரல் வரும், சரிபார்ப்பது யார்?

நிரல் எழுதக் குறியீடுகள் எதற்கு, ஆங்கிலச் சொற்களே போதாதா என்று 1950-களிலேயே வாதாடியவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணிதவியலாளர் கிரேஸ் ஹாப்பர். அவர் உருவாக்கிய ஃப்ளோ-மேட்டிக் என்ற நிரல்மொழியின் வழியில் வந்த கோபால் (COBOL) மொழி இன்றும் வங்கிகளில் ஓடுகிறது. அதற்கு நேர்மாறாக, பேச்சுமொழியில் நிரல் எழுத நினைப்பதே மடமை என்று 1978-இல் எழுதினார் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. குறியீட்டின் கண்டிப்புதான் பிழையைத் தடுக்கிறது என்பது அவர் கட்சி.

இன்று ஹாப்பரின் கனவு கிட்டத்தட்டக் கைகூடிவிட்டது. தேவையைச் சொன்னால் செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதித் தருகிறது. நிரலைப் பார்க்காமலேயே வேலை வாங்கும் இந்தப் போக்குக்கு 2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயரிட்டார் கணினி ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி. கணினி படிக்காதவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

ஆனால் டைக்ஸ்ட்ராவின் கவலை தீர்ந்துவிடவில்லை. 'பாக்கி வைத்தவர்களுக்கு மாதக் கடைசியில் குறுஞ்செய்தி அனுப்பு' என்று ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி என்பது 30-ஆம் தேதியா? அப்படியானால் பிப்ரவரியில் என்ன செய்வது? பாதிப் பணம் கட்டியவர் பாக்கிக்காரரா? நேற்றிரவு கட்டியவருக்கும் செய்தி போகுமா? கடைப் பையனாக இருந்தால் திரும்பக் கேட்பான். இயந்திரமோ பல நேரங்களில் கேட்காமல் தானே ஒன்றை முடிவுசெய்துகொள்கிறது. நிரலும் தடங்கலின்றி ஓடும். பணத்தை முழுதாகக் கட்டியவர் கோபத்தோடு வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

பாதுகாப்பிலும் இதே சிக்கல். கிட்ஹப் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய 1,689 நிரல்களை நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் சோதித்தார்கள். ஓட்டைகள் வரக்கூடிய சூழல்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சோதனை அது. சுமார் 40 விழுக்காடு நிரல்களில் ஓட்டை இருந்தது. கருவிகள் அதன்பின் வெகுவாக முன்னேறியிருக்கின்றன, உண்மைதான். ஆனாலும் கருவியின் பயனை நாமே தவறாக மதிப்பிடும் ஆபத்து நீங்கவில்லை. 'மெட்டர்' என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவமிக்க 16 நிரலாளர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியபோது வேலைக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 விழுக்காடு வேகமாக முடித்ததாக நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அச்சமூட்டுகிறது.

ஆகவே நம் கல்லூரி ஆய்வகங்களில் நிரலை மனப்பாடமாக எழுதவைத்து மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பதற்கும், தேவையை ஐயமின்றி எழுதுவதற்கும், சோதனைகளை வகுப்பதற்கும் மதிப்பெண் தர வேண்டும். ரேஷன், ஓய்வூதியம் போன்ற பொதுச் சேவைகளுக்கான மென்பொருளை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், என்னென்ன சோதனைகளில் தேறியது என்ற பட்டியலை வெளியிட்ட பிறகே பயன்பாட்டுக்கு விட வேண்டும்.