ரீகலா, சிறைச்சாலையா?

பி.பி. கிங் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், காபி ஆறுவதற்குள் இந்தச் சண்டை வந்துவிடும். அவருடைய மேடைக் கச்சேரிகளில் எது உச்சம்? 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் தியேட்டரில் வாசித்ததா? 1970 செப்டம்பர் 10 அன்று அதே ஊரில் குக் கவுண்டி சிறைக்குள் வாசித்ததா? 1974ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் வாசித்ததைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் பெரிய சண்டை முதல் இரண்டுக்கும்தான். இரண்டுமே இசைத்தட்டாக வந்தவை. ரீகல் கட்சிக்குத்தான் ஆள் பலம் அதிகம். நான் சிறைச்சாலைக் கட்சி.

கிங்கைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. 1925ல் மிசிசிப்பியில் பிறந்த கிங், சிறுவயதில் பருத்தி பறித்தவர். தன் கிதாருக்கு லூசில் என்று பெயர் வைத்திருந்தார். பாடும்போது வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், லூசில் பதில் சொல்லும். இடக்கை விரலைத் தந்தி மேல் நடுங்கவிட்டு ஒரே ஒரு ஸ்வரத்தை அவர் அழவைப்பது, கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடிபடும்.

ரீகல் கட்சியின் வாதம் லேசானதல்ல. சுமார் 35 நிமிஷத் தட்டில் தொய்வு என்பதே கிடையாது. 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' பாட்டில் ஒருவன் தன் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்ததையெல்லாம் வரிசையாக அடுக்குகிறான், எதிலும் அவளுக்குத் திருப்தி இல்லை என்று புலம்புகிறான். கடைசிப் புலம்பலில் அரங்கமே கூச்சல் போட்டு வெடிக்கிறது. அந்தக் கூச்சலும் பாட்டின் ஓர் அங்கம் போலவே ஆகிவிட்டது. 2005ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்தத் தட்டைச் சேர்த்தது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால், ரீகலில் வாசித்ததைவிட நல்ல கச்சேரிகளை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன் என்று சொன்னவர் கிங்கேதான். 1956ல் மட்டும் அவர் 342 கச்சேரிகள் செய்தார். அவற்றில் எத்தனையோ இரவுகள் கேட்டவர்களோடு போய்விட்டன. ஆகவே, சுத்தமான வாசிப்பை மட்டும் வைத்து இதுதான் உச்சம் என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. ஒலிப்பதிவுக் கருவி இருந்த ராத்திரிகளைத்தான் நாம் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறோம். வேறு ஓர் அளவுகோல் வேண்டும். அன்றைக்கு எப்படிப்பட்டவர்கள் முன்னால் அவர் நின்றார் என்று நான் பார்க்கிறேன்.

ரீகல் தியேட்டர் இருந்தது சிகாகோவின் தெற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பேட்டையில். டிக்கெட் வாங்கி, அவரைக் கேட்பதற்கென்றே வந்த கூட்டம். முதல் ஸ்வரத்துக்கு முன்பே அவர் பக்கம் சாய்ந்தவர்கள்.

சிறையில் கதை வேறு. நிர்வாகி வின்ஸ்டன் மூரின் அழைப்பில் வந்த கிங்கின் முன்னால் 2,000க்கும் மேற்பட்ட கைதிகள். பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். விசாரணை முடிவதற்காக உள்ளேயே காத்துக்கிடந்தவர்கள் அவர்களில் பலர். தட்டின் தொடக்கத்தில் ஷெரீஃபின் பெயரையும் நீதிபதியின் பெயரையும் சொன்னதும் கைதிகள் ஊளையிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கிங் ஆரம்பிக்கிறார். விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் தவிப்பவனின் பாட்டான 'த்ரீ ஓ கிளாக் ப்ளூஸ்' அன்றும் வந்தது. இரவு அறைக்குள் பூட்டப்படும் மனிதர்களிடம் அந்தப் பாட்டைப் பாடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருஷத்து வெற்றிப் பாட்டு 'தி த்ரில் இஸ் கான்'. ஸ்டூடியோ பதிவில் அதற்குப் பின்னால் வயலின்கள் இருக்கும். இங்கே அந்த மெத்தை இல்லை.

வாசிப்பு கொஞ்சம் கரடுமுரடு, பேச்சு அதிகம் என்று ரீகல்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். 'வொர்ரி வொர்ரி' பத்து நிமிஷத்துக்கு நீள்கிறது, நடுவே ஆண் பெண் விவகாரம் பற்றி நீண்ட உபதேசம். ஆனால் எதிரே இருப்பவர்களை அவர் தன் பக்கம் இழுப்பது அந்தப் பேச்சில்தான். இசையை மட்டும் பார், கூட்டத்தைப் பார்க்காதே என்றும் சொல்வார்கள். ரீகலின் கூச்சலைப் பெருமையாகப் பேசுபவர்கள் இப்படிச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று, அன்றோடு விஷயம் முடியவில்லை. கிங் அதன் பிறகு பல சிறைகளில் போய் வாசித்தார். 1972ல் நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையிலும் வாசித்தார். வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியோடு சேர்ந்து கைதிகளின் மறுவாழ்வுக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். ஒரு கச்சேரி கேட்டவனை மாற்றினால் நல்ல கச்சேரி என்போம். இது வாசித்தவரையும் மாற்றியிருக்கிறது. ரீகல் தட்டுக்கு அந்த வரலாறு கிடையாது.

'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' இரண்டு தட்டுகளிலும் இருக்கிறது. முதலில் ரீகல், அடுத்து சிறை என்று அடுத்தடுத்து கேளுங்கள். அப்புறமும் ரீகல்தான் என்றால் சொல்லுங்கள், சண்டை போடத் தயாராகவே இருக்கிறேன்.