மஞ்சள் கெப்சூலும் "பக்கவிளைவே இல்ல" கதையும்

நம்ம திகன வட்ஸ்அப் குழுக்கள்ல மறுபடியும் மஞ்சள் கெப்சூல் விளம்பரம். "மிளகுச் சாறு சேர்த்தது, உடம்பு 20 மடங்கு உறிஞ்சும், மூலிகை என்பதால் பக்கவிளைவே இல்லை." முதல் இரண்டும் உண்மையென்றால் மூன்றாவது எப்படி உண்மையாகும்?

மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது. கொஞ்சம் உள்ளே போனாலும் குடலும் ஈரலும் அதை உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடும். 20 மடங்கு என்பது 1998இல் பெங்களூர்க்காரர்கள் செய்த ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு மிளகின் பிப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள்.

பிப்பரின் என்ன செய்கிறது? ஈரலின் அந்த வேலையையே தடுக்கிறது. ஈரல் மஞ்சளுக்கு மட்டுமா வேலை செய்கிறது? வலிப்புக்குத் தரும் பெனிடோயின், பிரஷருக்குத் தரும் புரொப்ரனலோல் இரண்டும் பிப்பரினோடு சேர்ந்தால் இரத்தத்தில் கூடும். டொக்டர் அளந்து தந்த குளிசையை, டொக்டருக்கே தெரியாமல் கெப்சூல்காரர் கூட்டிவிடுகிறார்!

கறிக்குப் போடும் மஞ்சள், மிளகை நான் சொல்லவில்லை, உம்மாமார் கோபிக்க வேண்டாம். செறிவாக்கிய சாறு வேறு.

வீட்டில் கிளினிக் போகும் பெரியவர்கள் இருந்தால், அடுத்த தவணைக்கு அந்தப் போத்தலையும் கிளினிக் கொப்பியோடு கொடுத்தனுப்புங்கள். விற்கிறவர்களே, "குளிசை எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும்" என்று ஒரு வரி போட ஏன் இவ்வளவு தயக்கம்?