ஜவ்வரிசி இருக்க ஜெல்லி உருண்டை எதுக்கு?

கத்திரி வெயில் ஆரம்பிச்சாச்சு. எங்க ஏரியா சுவரெல்லாம் சம்மர் கேம்ப் நோட்டீஸ். ஒன்றரை வயசுக் குழந்தைக்குமாம்! 'சென்ஸரி ப்ளே'ன்னு பேரு. தண்ணி, மண்ணு, மாவுன்னு கையால அளைஞ்சு விளையாடறதுதான் மக்களே. நாம மண்ணுல புரண்டப்ப முதுகுல நாலு விழுந்துச்சு, இப்ப அதுக்கே ஃபீஸு. சரி, அது போகட்டும்.

என் கடுப்பு வேற. எங்க ரெண்டு வயசு வாண்டைக் கூப்பிடப் போனேன். அங்க ஒரு டப் நிறைய கலர் கலரா ஜெல்லி உருண்டை. வாட்டர் பீட்ஸ். பயபுள்ள வாயிலயும் ஒண்ணு! எடுத்துப் போட்டுட்டுக் கத்தினா, மிஸ் சிரிச்சுகிட்டே "நான்-டாக்ஸிக் சார், முழுங்கினாலும் வெளிய வந்துடும்"ங்கறாங்க.

வரலைன்னா? காய்ஞ்சப்ப கடுகு மாதிரி இருக்கற பாலிமர் அது. தண்ணி பட்டா கோலிகுண்டு. வயித்துக்குள்ளயும் ஊதிக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியவும் தெரியாது. 2023-ல அமெரிக்காவுல பத்து மாசக் குழந்தை ஒண்ணு இதை முழுங்கி செத்தே போச்சு. அந்த வருஷக் கடைசியில அமேசான், வால்மார்ட், டார்கெட் மூணும் குழந்தைகளுக்குன்னு இதை விக்கறத அங்க நிறுத்தினாங்க. நான்-டாக்ஸிக்னா விஷம் இல்லைன்னு அர்த்தம். அடைக்காதுன்னு இல்ல.

அதே வழவழப்பு வேணுமா? ஜவ்வரிசியைக் குழைய வேகவெச்சு, ஆறவிட்டு அலசி, ரெண்டு சொட்டு பீட்ரூட் சாறு விடுங்க. வாயில போட்டா சக்கரை இல்லாத பாயசம், அவ்ளோதான். நுங்கு நோண்டின ரெண்டு காயைக் குச்சியில கோத்தா வண்டி. மோந்து பார்க்க ஈர வெட்டிவேர். மொண்டு ஊத்த ஒரு கொட்டாங்குச்சி, அரை பக்கெட் தண்ணி. காலைல ஒம்போதுக்குள்ள, நிழல்ல. மொட்டைமாடி டேங்க் தண்ணியை மத்தியானம் நேரா திறந்துடாதீங்க, கொதிக்கும். தண்ணி வீண்னு சண்டைக்கு வர்றவங்களே, 2019-ல லாரிக்குக் குடத்தோட நின்னவன்தான் நானும். விளையாடி முடிச்சதும் செடிக்குத்தான் போகுது.

"ரெண்டு பேரும் ஆபீஸ் போனா யாரு உக்காந்து பார்க்கறது?"ன்னாங்க தங்கமணி. நியாயம்தான். அனுப்புங்க. ஆனா டப்புல என்ன இருக்கு, எத்தனை குழந்தைக்கு எத்தனை பேருன்னு கேட்டுட்டு அனுப்புங்க. அரை பக்கெட் தண்ணியிலயே குழந்தை மூழ்கிடும். வீட்டுலயும் அப்படித்தான். நான் பக்கெட் பக்கத்துல செல்லை எடுத்தா தங்கமணி பிடுங்கி வெச்சுடறாங்க.

மறுநாளும் போய்ப் பார்த்தேன். டப் அப்படியே இருக்கு. "வேற எந்தப் பேரண்ட்டும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே சார்"னாங்க. உங்க வாண்டு போற இடத்துலயும் அந்த டப் இருக்கான்னு நாளைக்கே போய்ப் பாருங்க. இருந்தா கத்திட்டு வாங்க. நான் ஒருத்தன் கத்தினது பத்தல.